போர்த்துக்கல்லுக்கு அனுப்பிய சொல்

மாமனாரின் படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை, மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் போட்டு மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பூரணி. தோட்டத்து லயத்தில் சாவுத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாமனார் செல்லசாமி விடியும்போதே கண்ணை மூடிவிட்டார். அவள் கைகளுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. காலையில் எழுந்தால் ஷீட் கழுவ வேண்டும், கழுவினாள்.

லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் ராக்காயி வந்து அதைப் பிடுங்கினாள்.

"விடு புள்ள. இனிமே யாருக்கு விரிக்கப் போற?"

பூரணி நிமிர்ந்தாள். யாருக்கும் இல்லை. நாளைக் காலையில் இந்த வேலை இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. சிரிப்பு வரப் பார்த்தது. பயந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்காயி அதைப் பார்த்துவிட்டு, ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

செல்லசாமி கெட்ட மனுஷர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு முப்பது வருஷம் விறகு போட்டவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, இடது கையால் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிவார். எறிந்துவிட்டு அழுவார். அந்த அழுகையைத்தான் பூரணியால் தாங்க முடியாது. தூக்கி உட்கார வைப்பது, கழுவிவிடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது என்று மூன்று வருஷம் எல்லாம் அவள்தான். புருஷன் ஜீவராஜ் போர்த்துக்கல்லில் ஸ்ட்ரோபரிப் பழம் பறிக்கிறான். அங்கே தங்குவதற்கான கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. நாத்தனார் தனுஜா டிக்கோயாவிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, அப்பா இளைத்துப் போய்விட்டார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

அடக்கத்தன்று தனுஜா சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். பெட்டியின் தலைமாட்டில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் ஜீவராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதான். பூரணிக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"அண்ணிக்கு மனசு கல்லு" என்று தனுஜா யாரிடமோ சொன்னாள். பூரணியின் காதில் விழட்டும் என்றே சொன்னதுதான். ராக்காயி எட்டிப் பூரணியின் கழுத்தைக் கட்டி இழுத்து, முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டு, ஒப்பாரியை ஓங்கி எடுத்தாள். அந்தத் தோளுக்குள் கண் ஈரமா காய்ந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது.

மூன்று மணிக்கு ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இடுகாட்டுக்கு ஏறினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பூரணி போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்போரம் உட்கார்ந்தாள். ஜீவராஜின் செய்தி காத்திருந்தது.

"நீ எப்புடி இருக்க?"

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவர்கள் கிடையாது. மாமா எப்படி இருக்கிறார் என்றுதான் மூன்று வருஷமாக எல்லாரும் கேட்டார்கள். 'அழுதுகிட்டு இருக்கேன்' என்று எழுதினாள். பொய். அழித்தாள். 'நிம்மதியா இருக்கு' என்று எழுதினாள். தமிழ் எழுத்தில் அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கேத வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற சொல்லா அது? அதையும் அழித்தாள்.

ஆங்கிலத்தில் சொன்னால் அவ்வளவு உறைக்காது என்று தோன்றியது. ஓ லெவல் பரீட்சைக்குப் படித்த 'ரிலீஃப்' ஞாபகம் வந்தது. சரிதானா என்று போனில் தேடினாள். முதல் அர்த்தம், வலியோ கவலையோ நீங்குவதால் வரும் ஆறுதல். இரண்டாவது, நிவாரணம். அது தெரியும், மண்சரிந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கிய அரிசியும் பருப்பும். மூன்றாவது, ஒருவர் பார்க்கும் வேலையை இன்னொருவர் வந்து ஏற்றுக்கொள்வது. பூரணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அப்படி ஒரு ஆள் ஒரு நாள்கூட வந்ததில்லை.

ஆனால் ஜீவராஜ் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் அவனுக்கு எட்டாது. போர்த்துக்கீசம்தான் நான்கு வருஷமாகக் காதால் பழகியிருக்கிறான். அதே பக்கத்தில் மொழியை மாற்றினாள். ஒரே சொல் வந்தது: அலீவியு. அவனுக்குப் புரிய வேண்டும் என்றும் இருந்தது, புரியாமல் போனால் தேவலை என்றும் இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்து அனுப்பினாள்.

பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

ஊரார் என்ன சொன்னாலும் போகட்டும். எங்கப்பா எப்போது சாவார் என்று காத்திருந்தாயா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், மூன்று வருஷமும் பாழ். மலைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். தனுஜா ஏதோ கேட்டதற்கு ஏதோ சொன்னாள். ஐந்தரைக்குப் போன் அடித்தது. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்" என்றான் எடுத்த எடுப்பில்.

அவள் போனோடு குசினிக்குள் நகர்ந்தாள்.

"பழம் பறிச்சு இடுப்பு புடிச்சுக்குதுல்ல, அதுக்கு ஒரு மருந்து தடவுறேன். டியூப்புல பெருசா அதான் போட்டிருக்கு. என்னான்னு கூட வேலை செய்யிற அம்மாகிட்ட கேட்டேன். வலி எறங்குறதுன்னு செஞ்சு காட்டிச்சு."

"தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

ஜீவராஜ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா போயிட்டாருன்னு நீ சொன்னப்ப எனக்கு மொத வந்ததும் அதான் பூரணி. இனி அவரு கெடந்து அழ வேணாம், நீ தூக்க வேணாம்னு. பெத்த மகனுக்கு இப்புடியா வரும்னு நெனைச்சுத்தான் அந்த அழுகை அழுதேன். யாருகிட்ட சொல்றது இத?"

பூரணி குசினிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எனக்கு அழுகையே வரலைங்க."

"வர்றப்ப வரட்டும். தூங்கினியா?"

எந்த வருஷத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று கேட்க நினைத்தாள். "இல்லங்க" என்றாள்.

"போயிப் படு. யாராச்சும் ஏதும் சொன்னா நான் சொன்னேன்னு சொல்லு."

உள்ளே போய்ப் பாயை விரித்தாள். மாமாவின் கட்டிலை வெளியே எடுத்துவிட்டதால் காம்பிரா பெரிதாகத் தெரிந்தது. வாசலில் அக்கரப்பத்தனையிலிருந்து யாரோ வந்து பூரணி எங்கே என்று விசாரித்தார்கள்.

"சத்தம் போடாதீங்க" என்ற ராக்காயியின் குரல் கேட்டது. "அழுது அழுது ஓஞ்சு போயிப் படுத்திருக்கு புள்ள."

மாமா கை அசைத்தால் தெரியட்டும் என்று மூன்று வருஷமும் அவள் கட்டில் பக்கம் பார்த்தே படுத்திருந்தாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.