பெரிய குவியலை நம்பு

டியோன் கால் கழுவியதில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொல்ல எனக்கு ஆசை. போலீஸ்காரரிடம் முதலில் அப்படித்தான் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். வெளியூர்க்காரன் மேல் பழி போட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

நமீப் பாலைவனத்துப் பூங்காவில் நான் பத்தொன்பது வருடமாக வழிகாட்டி. பெயர் அப்பொலோனியா. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை எனக்கு வேலை. மற்ற மாதங்களில் வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் நடைபாதையை மூடிவிடுவார்கள். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, காசும் கொடுத்து, கல்லிலும் மணலிலும் மூன்று நாள் நடப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். எதற்கு நடக்கிறார்கள் என்பது என் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. "ஏன், அவங்க ஆடு ஏதும் தொலைஞ்சிருச்சா?" என்று கேட்பாள்.

டியோன் முன்பு ஒருமுறை என்னோடு தனியாக நடந்தவன். கேப் டவுன்காரன், நல்ல உயரம், எந்நேரமும் கழுத்தில் கேமரா. இரண்டு வருடம் கழித்து, இது நடந்த ஆகஸ்டில், மனைவி மாரலீஸையும் கூட்டிக்கொண்டு வந்தான். சுமை தூக்குகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் என் தம்பி யோசபாத் எங்களோடு நடந்தான். அவன் பிக்கப் ஓட்டுகிறவன். ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் மறுபக்கம் சுற்றி வந்து ஏற்றிக்கொள்வதோடு அவன் வேலை முடிந்தது. நடுவில் இருக்கும் வழியில் அவன் கால் பட்டதே இல்லை.

முதல் நாள் கூடாரத்தில் டியோன் கொப்புளம் வந்த காலைத் தண்ணீர் கேனுக்குக் கீழே நீட்டிக் கழுவியிருக்கிறான். கழுவியவன் குழாயைச் சரியாகத் திருகவில்லை. விடிந்து பார்த்தால் கேன் காலி. அதன் அடியில் மணல் கறுத்துக் கிடந்தது.

"எவ்வளவுடா போச்சு?" என்று கேட்டேன்.

"இருபது லிட்டரும் போச்சு. மணலுக்கும் தாகம் எடுக்கும்லக்கா," என்றான் யோசபாத்.

டியோனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் தப்புதான், மன்னிச்சிடுங்க. ஆனா அடுத்த இடத்துல ஊத்து இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்கு. குரங்குக் கூட்டம் நமக்கு முன்னாடி போய்க் குளிக்காம இருந்தா இருக்கு."

எங்களிடம் மூன்று பாட்டில் தண்ணீர் மிச்சம் இருந்தது. வண்டியில் இன்னொரு கேன் இருந்தது. வண்டிக்குத் திரும்பி நடக்க மூன்று மணி நேரம் ஆகும்.

"நான் போய் எடுத்துட்டு வரேன். நீங்க பாட்டுக்கு நடங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊத்துக்கு வந்துடறேன்," என்றான் யோசபாத்.

"வழி தெரியுமாடா உனக்கு?"

"ரோடு இருந்தா எனக்குத் தெரியும். ரோடு இல்லாத ஊரெல்லாம் உன் ராஜ்ஜியமாச்சே."

"கல் குவியலைப் பார்த்துக்கிட்டே வா. கரும்பாறைகிட்ட வழி ரெண்டாப் பிரியும். ரெண்டு குவியல் தெரிஞ்சா பெருசை நம்பு."

"பெருசை நம்பணும். சலோமியைப் பொண்ணு பார்க்கப் போனப்பவும் இதையேதான்க்கா சொன்னே!"

சலோமி அவன் மனைவி. வாசற்படியில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைவாள், அவ்வளவு செழிப்பு. மாரலீஸ்கூடச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காலையிலேயே தண்ணீர் போன எரிச்சலில், "வாயை மூடிட்டு நட," என்றேன். கையை ஆட்டிக்கொண்டே போனான்.

குவியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாமா இனத்து ஆட்கள் வழியில் கல் குவியலைக் கண்டால் ஒரு கல் போடாமல் தாண்ட மாட்டார்கள். எங்கள் பழங்கதையில் வரும் ஆதித் தாத்தா ஹெய்ட்சி எய்பிப் பலமுறை செத்துப் பலமுறை எழுந்தவன். அவன் செத்த இடத்திலெல்லாம் ஒரு குவியல். கல்லைப் போட்டு, "தாத்தா, வழி விடு" என்று முணுமுணுத்துவிட்டுப் போவோம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் போடுவேன். கை பழகிவிட்டது, தலைக்குத் தெரியாமலே குனிந்து எடுத்துவிடும். எங்கள் பக்கத்துக் கல் வெயிலில் கிடந்து கிடந்து மேலே கறுத்திருக்கும், அடியில் வெளுத்திருக்கும். வெளுத்த வயிறு மேலே தெரியும்படி வைப்பது வழக்கம். பெரிய குவியல் என்றால் நிறையக் கால் கடந்த வழி. நிறையக் கால் கடந்த வழி தண்ணீருக்குத்தான் போகும். இன்னொன்றும் உண்டு. குவியலில் கல்லைப் போடலாம், ஒருநாளும் எடுக்கக் கூடாது. எடுத்தவன் வீட்டிலிருந்து ஒரு பிணம் போகும் என்பார்கள்.

பதினோரு மணிக்குக் கரும்பாறைக்கு வந்தோம். அங்கே வலப்பக்க இடுக்கில் நுழைந்தால் ஊற்று. இடப்பக்க இடுக்கும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே கொஞ்ச தூரம் போனதும் தரை திடீரென்று முடிந்துவிடும். மழைக்காலத்தில் நீர் விழுந்து விழுந்து வழவழவென்று ஆகிவிட்ட பாறை, நான்கு ஆள் ஆழம்.

அந்த இடப்பக்க இடுக்கின் வாசலில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல் நின்றது.

"மாரலீஸ், இங்க பாரு! என்னோட குவியல்!" என்று டியோன் கத்தினான்.

"அஞ்சு கல்லுன்னுதானே சொன்னே?"

"அஞ்சுதான் வெச்சேன். அப்பொலோனியா, நீங்களே சொல்லுங்க. போட்டோ எடுக்கறதுக்காக அஞ்சு கல்லை அடுக்கினேன்ல?"

அடுக்கினான். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, விளையாட்டுக்கு. ஆறாவது கல்லைப் போட்டது யார் என்பதும் நினைவிருந்தது. அவன் படம் எடுத்து முடித்ததும், குவியலைச் சும்மா தாண்டக் கூடாதே என்று நான் ஒன்று போட்டேன். அந்த ஆறாவதைப் பார்த்து இன்னொரு வழிகாட்டி போட்டிருக்கிறான். அவனைப் பார்த்து ஆடு மேய்க்கிறவன் போட்டிருக்கிறான். ஊரோடு ஒத்து எல்லோரும் போட்டு வளர்த்துவிட்டார்கள். போன பருவம் முழுக்க நான் வடக்குப் பாதையில் வேலை பார்த்ததால் இந்தப் பக்கமே வரவில்லை. வலப்பக்கம் இருந்த உண்மையான குவியலில் பாதியை மார்ச் மாத வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மிச்சம் என் முழங்கால் உயரம்.

வழி தெரிந்தவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. தெரியாதவன் ஒருவனிடம்தான் காலையில் பெருசை நம்பு என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

"இது எதுக்கு இங்க இருக்குன்னு யாரும் கேக்கவே இல்லையா?" என்றாள் மாரலீஸ். அவள் சிரிக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து டியோனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "உங்க தம்பி குழம்பிடுவாரோ? நான் வெச்சதுதானே, நானே கலைச்சிடட்டுமா?" என்று மேல் கல்லில் கை வைத்தான்.

"தொடாதீங்க!" என்றேன். என் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவன் சுட்டுக்கொண்டவன் மாதிரிக் கையை எடுத்துவிட்டான்.

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்று அந்த இடத்தில் புத்தி உள்ளவன் அவன் ஒருவன்தான்.

கல்லை எடுக்க மாட்டேன், ஆனால் தம்பியைக் காப்பாற்றுவேன் என்று தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் பார்த்தேன். சிறிய குவியலில் பத்துக் கல் போட்டேன். முழங்கால் உயரம் இடுப்பு உயரத்துக்கு எந்த மூலைக்குக் காணும்? காய்ந்த முள்மரக் கிளை ஒன்றை இழுத்து வந்து இடப்பக்க வாசலில் குறுக்கே போட்டேன். போகாதே என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம். தம்பிக்கும் அது தெரியும். அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரைப் பாட்டில்தான் மிச்சம், மாரலீஸின் உதடு அதற்குள் வெடித்திருந்தது. போதும், கிளை போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். போகிற போக்கில் அந்தப் பொய்க் குவியலின் தலையிலும் ஒரு கல்லை வைத்திருக்கிறேன். எப்போது குனிந்தேன், எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. டியோன் எடுத்த படத்தில் இருக்கிறது.

ஊற்றுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். குரங்குகள் முந்திவிட்டிருந்தன. முழங்கை ஆழம் தோண்டியதில் ஆளுக்கு ஒரு குவளை கலங்கல் தண்ணீர் ஊறியது, துணியில் வடிகட்டிக் குடித்தோம். இரண்டு மணிக்குக் கிழக்குக் காற்று ஆரம்பித்தது. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. கூடாரம் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது. டியோன் பின்னாலேயே ஓடிப் பிடித்தான். கூடாரமே பறக்கிறது, கிளை எந்த மூலைக்கு என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அந்த நினைப்பை உடனே விழுங்கினேன்.

பொழுது சாய்ந்தது. காற்று நின்றது. யோசபாத் வரவில்லை.

"வண்டியில ஏதாவது கோளாறா இருக்கும்," என்றான் டியோன்.

"வண்டியை ஓட்டிட்டா வரப் போறார்? தண்ணி எடுக்கத்தானே போனார்?" என்றாள் மாரலீஸ்.

அந்த இரவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கண் தெரிகிற வெளிச்சம் வந்ததும் அவர்களை ஊற்றிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்தேன்.

கரும்பாறை வாசலில் கிளை இல்லை. நூறு அடிக்கு அப்பால் ஒரு பாறை வெடிப்பில் செருகிக் கிடந்தது. குவியலின் தலையில் நான் வைத்த கல் இருந்தது, வெளுத்த வயிறு மேலே தெரிய. அதன் பக்கத்தில் இன்னொரு கல் இருந்தது. அதுவும் வெளுத்திருந்தது.

அவன் வந்திருக்கிறான். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கிறான். பெருசை நம்பி, ஒரு கல்லையும் போட்டு, "தாத்தா, வழி விடு" என்றும் சொல்லியிருப்பான்.

"யோசபாத்!" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினேன். இடுக்கும் யோசபாத், யோசபாத் என்றது.

வழவழப் பாறைக்குக் கீழே கிடந்தான். கேனின் வார் தோளிலேயே மாட்டியிருந்தது. இறங்கிவிடலாம் என்று கால் வைத்திருக்கிறான், பாரம் பின்னால் இழுத்திருக்கிறது. கழுத்து இருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் பக்கவாட்டில் சுற்றிப் பிடித்து இறங்கியபோது அவன் கை குளிர்ந்து விறைத்திருந்தது. கேன் உடையவில்லை. மூடியின் பட்டை அறுபடவே இல்லை. ஆறு மணி நேரம் வெயிலில் அதைச் சுமந்தவன் எங்களுக்காகத் திறக்காமலே கொண்டுவந்திருக்கிறான்.

நான் திறந்தேன். குடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி சுமந்த தண்ணீரை மூச்சு முட்டக் குடித்தேன். மிச்சத்தைத் தூக்கிப் போய் அந்த இரண்டு பேருக்கும் கொடுத்தேன். அதில்தான் மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தோம்.

அடக்கத்தன்று சலோமி எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டாள். "வழி என்னன்னு சொல்லி அனுப்பினே, மதினி?"

பழியைக் கால் கழுவினவன் மேல் போட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "பெருசை நம்புன்னு சொன்னேன்," என்றேன். அவள் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கமே வந்ததில்லை.

அக்டோபரில் பாதையை மூடிய பிறகு, அனுமதி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். முதல் கல்லில் கை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அப்புறம் ஆத்திரம் வந்துவிட்டது. என் வீட்டிலிருந்து பிணம் போயாகிவிட்டது, இனி என்ன பயம் காட்டுவாய் என்று சத்தமாகவே கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திசைக்கொன்றாக வீசினேன். அடியில் டியோனின் ஐந்து கற்கள் வந்தன. அவற்றையும் வீசினேன். வலப்பக்கக் குவியலை என் மார் உயரத்துக்குக் கட்டினேன். யோசபாத்தின் கல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தேன்.

மே மாதம் பாதை திறந்தது. முதல் கூட்டத்தோடு, நான்கு பேர், கரும்பாறைக்கு வந்து நின்றேன்.

இடப்பக்க வாசலில் முழங்கால் உயரத்துக்குக் குவியல் இருந்தது. எல்லாக் கல்லும் வயிறு வெளுத்திருந்தது, எல்லாம் புதிது. யோசபாத் போன இடம் என்று வழியில் போகிற நம் ஆட்கள் ஆளுக்கொன்று போட்டிருக்கிறார்கள். பிரியத்தில் போட்டவை. திட்டக்கூட முடியாது. இன்னும் ஒரு வருடம் போனால் இடுப்பு உயரம் வந்துவிடும்.

"அது என்ன குவியல்? அந்தப் பக்கமா போகணும்?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லத் திரும்பினேன். வலது கை கனத்தது. குனிந்து பார்த்தேன். என் கையில் ஒரு கல் இருந்தது, வெளுத்த வயிறு மேலே தெரிய.