ஜெபகனியின் பெட்டிக்கு உயிர் வந்த ஞாயிறு

இரணியலில் ஜெபகனி பழுதுபார்க்கும் பழைய கம்ப்யூட்டர்கள், அவற்றைக் கெடுத்தவர் உண்மையை ஒப்புக்கொள்ளும்வரை உயிர்பெறுவதில்லை. எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த, டிவியில் மாட்டி ஓட்டுகிற பெட்டிகள்தான் அவளிடம் வரும். கசிந்த கெப்பாசிட்டரை மாற்றுவாள், உப்புக்காற்றில் பச்சை பூத்த இடத்தைத் துடைத்து ஈயம் உருக்கி சால்டர் வைப்பாள், பிறகு போன் போட்டு யார் கெடுத்தது என்று கேட்பாள். தொடவே இல்லை, அதுவாக நின்றுபோயிற்று என்பார்கள் எல்லோரும். சொல்லட்டும், அவளுக்கு என்ன அவசரம். பூதப்பாண்டியில் ரிட்டயரான ஒரு தாசில்தார், அந்தக் காலத்தில் பாயசத்தைக் கொட்டியது தான்தான் என்று தம்பியிடம் ஒத்துக்கொண்ட நிமிடமே இங்கே மேஜையில் தம்பியின் பெட்டிக்கு உயிர் வந்தது. ஊரில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிய நாளாகிறது என்று மட்டும் குறை சொன்னார்கள்.

அவளுடைய சொந்தப் பெட்டிதான் அசையவில்லை. அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. பதினாறு வயதில் அவள் தானே புரோகிராம் எழுதி, நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்குப் பேர் கொடுத்திருந்தாள். முந்தின நாள் பெட்டி செத்தது. கடைசியாகத் தொட்டவள் அவள். அப்பா பெல்ட்டைக் கழற்றியபோது அண்ணன் ஜான்ரோஸ் குறுக்கே விழுந்து முதுகில் அடி வாங்கினான். இனி கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது என்று சொல்லி அவளைத் தையல் வகுப்பில் சேர்த்தார்கள். நாற்பது வயதுக்குமேல் அவள் இந்த வேலையைக் கற்றதே அந்த ஒரு பெட்டியை எழுப்பத்தான். நான்தான் கெடுத்தேன் என்று அதன் முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அது நம்பவில்லை. அண்ணன் சாப்பிட வந்தால் மீனின் நடுத்துண்டு அவனுக்குத்தான். அந்த முதுகை அவள் மறந்ததே இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிக்குத் தானாக உயிர் வந்தது. திரையில் கர்சர் மினுங்கியது. அவள் அழுது, சிரித்து, முதலில் அண்ணனுக்குத்தான் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் போகும் சபைக்கே போகிற பக்கத்து வீட்டு சபிதா மத்தியானம் வந்து சொன்னாள்: இன்றைக்கு ஜான்ரோஸ் சாட்சி சொன்னானாம். டேப் ரெக்கார்டரின் அடாப்டரைச் செருகிப் பெட்டியைக் கொன்றது தான்தான் என்றும், பழியைத் தங்கச்சி தலையில் போட்டதாகவும் மைக்கில் விம்மியிருக்கிறான். சபையே கண்ணீர் விட்டது, பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆக, இத்தனை வருடம் அவள் நன்றி பாராட்டிவந்த அந்த அடி, நியாயப்படி அவனுக்கு விழவேண்டியதுதான்.

சாயங்காலம் அவன் தெளிந்த முகத்தோடு வந்தான். "கர்த்தர் மன்னிச்சிட்டாரு மக்கா. மனசு லேசாயிட்டு."

"சபையில சொன்னிய. எங்கிட்ட எப்பம் சொல்லுவிய?"

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சே."

அவன் பெட்டியின் கீபோர்டைத் தட்டினான், திரையில் எழுத்து வந்தது. சபிதா தட்டினாள், வந்தது. ஜெபகனி தட்டியபோது மட்டும் வரவில்லை. மறுநாள் கீபோர்டையே மாற்றிப் பார்த்தாள். பலனில்லை. அவளிடம்தான் இன்னும் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.

இப்போது தெருவில் எல்லோரும் வந்து அதில் விளையாடிவிட்டுப் போகிறார்கள். ஜான்ரோஸும் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து, கொஞ்சநேரம் விளையாடிவிட்டுச் சாப்பிட உட்காருகிறான். ஜெபகனி அவனுக்கு வால்துண்டை வைத்துவிட்டு, நடுத்துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள்.