பக்கவாசல் விளக்கு

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டு வெளி விளக்குகளைச் சுத்தம் செய்வேன். மாலை நேர வயரிங் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அது என் பொறுப்பு. மெயினை அணைத்து, கண்ணாடிக் கூண்டுகளைக் கழற்றி, செத்த பூச்சிகளைக் கொட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, திருகாணிகளில் துருப்பிடிக்காமல் வாஸ்லைன் தடவி மாட்டுவேன். செய்ததைச் செய்தேனா என்று பிறகு எனக்கே சந்தேகம் வரும் என்பதால் நோட்டில் எழுதியும் வைப்பேன். அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வான். மின்வாரியம் மேலே இருக்கிறது, யாரும் ஸ்விட்சைத் தொடாதீர்கள் என்று என்னைக் கிண்டல் செய்து வீட்டுக்கே கேட்கும்படி சொல்வான். என்னை வகுப்பில் சேர்க்க அப்பாவிடம் மல்லுக்கு நின்றவனும் அவன்தான்.

போன மாதம் பக்கவாசல் விளக்கு இரண்டு முறை எரியவில்லை. இரண்டு முறையும் பல்பு ஹோல்டரில் தளர்ந்திருந்தது. முறுக்கியதும் எரிந்தது. 'சரியாக முறுக்கவில்லை. என் தவறு' என்று எழுதினேன்.

மூன்றாவது முறை, குப்பை போடப் போன அம்மா இருட்டில் இரண்டாம் படியைத் தவறவிட்டாள். கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. அண்ணன்தான் உள்ளே தூக்கி வந்தான். உன் விளக்கு அம்மா காலை வாரிவிட்டதே என்று என்னைப் பார்த்துச் சொன்னான். வலியிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"ஒரு பல்பை ஒழுங்கா மாட்டத் தெரியாதவளுக்கு வயரிங் கிளாஸ் எதுக்கு? ஞாயித்துக்கிழமைக்குள்ள கோளாறு எங்கன்னு சொல்லு. இல்லாட்டி கிளாஸை விட்டு நின்னுக்கோ."

அன்றே தளர்ந்திருந்த பல்பை இறுக்கி, மறுபடி 'என் தவறு' என்று எழுதி, பல்பிலிருந்து ஹோல்டர்வரை குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டேன். கதவை அடித்துச் சாத்தும் அதிர்ச்சியில் தளர்கிறதோ என்று ஐம்பது முறை சாத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோடு அசையவில்லை.

வியாழக்கிழமை விளக்கு மறுபடி அணைந்திருந்தது. கோட்டின் இரு பாதிகளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அப்போதும் பென்சில் கோட்டை நான்தான் தப்பாகப் போட்டேனோ என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் வராததால் சீக்கிரம் திரும்பினேன். பக்கவாசல் படியில் அண்ணன் நின்றிருந்தான். ஸ்டூல் இல்லாமலே எட்டுகிற உயரம் எங்கள் வீட்டில் அவனுக்குத்தான். அடிப்பக்கம் திறந்த கூண்டுக்குள் கைக்குட்டை சுற்றிய கையை விட்டு, ஒரு சுற்றுத் திருப்பினான். படி இருண்டது. பிறகு சிகரெட் நுனி சிவந்தது.

என்னைப் பார்த்ததும் காலடியில் போட்டு மிதித்தான். விளக்கெரிந்தால் இங்கே நிற்பது அப்பா அறை ஜன்னலிலிருந்து தெரியும், ஸ்விட்சும் அங்கேதான், அதனால்தான் என்றான்.

"அம்மா விழுந்த அன்னைக்கும் நீதானா?"

"திரும்ப முறுக்க மறந்துட்டேன்." மிதித்த துண்டைப் படியிலிருந்து காலால் தள்ளிவிட்டு, "உனக்காக அப்பாகிட்ட பேசினது நானு. அதையும் ஞாபகம் வச்சுக்கோ" என்றான்.

அறைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். 'என் தவறு' என்று மூன்று இடத்தில் என் கையெழுத்து. மூன்று முறையும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நான் முறுக்குவதை அவன் கீழிருந்து பார்த்திருக்கிறான்.

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அப்பா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டான்.

"விடுங்கப்பா, பாவம், சின்னப் பொண்ணு. கையில பலம் பத்தல. இனிமே நானே முறுக்கி விட்டுடறேன்."

அதுவரை சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். நோட்டை எடுத்து வந்து வெள்ளிக்கிழமை எழுதி வைத்ததைப் படித்தேன். மாலை ஆறு நாற்பது. பல்பைத் தளர்த்தியவர், அண்ணன். காரணம், சிகரெட். ஒரு சொல்லையும் விடவில்லை.

அம்மா கட்டுப் போட்ட காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

மாலையில் பக்கவாசல் கூண்டைக் கழுவிக் காயவைத்திருந்தேன். மாட்டப் போனபோது அண்ணன் ஸ்டூலைப் பிடிக்க வந்தான். வேண்டாம் என்றேன். சுவரோடு ஒட்டிப் போட்டு ஏறினேன். ஸ்டூல் கொஞ்சம் ஆடியது. கூண்டை மாட்டி, பல்பை இறுக்கிவிட்டு, புதிதாக ஒரு கோடு போட்டேன்.