ஒன்றரை, முப்பது, பத்து

இணையத்தில் ஓட்டல் அறை போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று பட்டாபிராமன் நம்பிக்கொண்டிருந்தார். மராத்தி ஊரான ஆகுர்டியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். நூலளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண். அந்தக் கண்ணால்தான், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைவதைக் கொண்டாட, மௌரீஷியஸில் கடலோரமாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்.

"நீலா, கேளு. நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் முப்பது, ஓட்டம் பத்துன்னு போட்டிருக்கான். அதாவது ஒன்றரை கிலோமீட்டர்ல கடல். சைக்கிள் விடறதுக்குத் தனியா முப்பது கிலோமீட்டர் பாதை. 'ஆஃப்-ரோடு'ன்னு வேற இருக்கு. மெயின் ரோட்டுலேருந்து தள்ளி. சத்தமே இருக்காது."

நீலா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ரூம் போடறதுக்கு எதுக்குன்னா ரத்த க்ரூப் கேக்கறான்?"

"வெளிநாட்டுக்காரன். ஜாக்கிரதையா இருப்பான். பனியன் சைஸ்கூடக் கேக்கறான் பாரு, சும்மா குடுக்கறான்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் தொழிற்சாலை கேண்டீனில் அந்த ரசீதைக் கோவிந்தராஜிடம் காட்டினார். கோவிந்தராஜ் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லோனாவ்ளா மலைப் பக்கம் போய்விடுவான். அவன் படித்துவிட்டு, கையிலிருந்த வடாபாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"சார், நீங்களா? கடல்ல நீந்தி, காட்டுல சைக்கிள் மிதிச்சு, மலையில ஓடி... அதுவும் ஒரே நாள்ல! மூச்சு விடலையே சார் நீங்க!"

அதையே அவன் மராத்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். கேண்டீனே கைதட்டியது. தொழிற்சாலை மேலாளர் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். தான் போட்டது அறை மட்டுமல்ல, ஒரு பந்தயமும்கூட என்று பட்டாபிராமனுக்கு உறைத்தபோது அவர் கை மேலாளரின் கைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஏதோ நம்மால ஆனது" என்றார்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள் வைஷு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு சோபாவில் புரண்டு சிரித்தாள். "அப்பா, டிரையத்லான்னா மூணும் சேர்ந்த பந்தயம், ஹோட்டல் பேர் இல்லப்பா! கேன்சல் பண்ணு, அவ்வளவுதான்."

"அதான் சரி" என்றாள் நீலா. "பக்கெட் தண்ணியையே மக்குல மொண்டு பயந்து பயந்து விட்டுக்கறவர் நீங்க. கடல்ல இறங்கப் போறேளா?"

"மேனேஜர் கை குடுத்துட்டார், நீலா" என்றார் பட்டாபிராமன் பரிதாபமாக.

பந்தயத்துக்கு நாலு மாசம் இருந்தது. மாநகராட்சி நீச்சல் குளத்தில், ஐம்பத்திரண்டு வயதில், ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் சேர்ந்தார். பயிற்சியாளர் ஷிர்கே கரையிலிருந்து "காகா, பாணி பிவூ நகா!" என்று கத்திக்கொண்டே இருப்பார். மாமா, தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்பதுதான் முதல் மாதத்துப் பாடம் முழுவதும். நீலா பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். மூன்றாவது வாரம், "மூச்சை உள்ளே இழுத்துண்டு அப்படியே வெச்சுக்கறேள். அதான் முழுகறேள். தண்ணிக்குள்ள விட்டுடுங்கோ" என்றாள். ஷிர்கே எத்தனையோ தடவை மராத்தியில் சொன்னது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குக் குளத்தின் குறுக்கே போய்ச் சேர்ந்தார். குழந்தைகள் கைதட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. கோவிந்தராஜ் தன் பழைய மலை சைக்கிளைக் கொடுத்து, குன்றுப் பக்கத்து ஒற்றையடிப் பாதைக்குக் கூட்டிப்போனான். "சார், இறக்கத்துல பிரேக்கை ஒரேயடியா அமுக்காதீங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், பட்டாபிராமன் ஒரேயடியாக அமுக்கி, சைக்கிளை மேலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் கீழே எருமைகள் படுத்திருந்த குட்டைக்குள் போய் விழுந்தார். எருமைகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

வீடு திரும்பியபோது அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் மறித்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டான். அவர் விளக்க விளக்க, அவன் வருகைப் பதிவேட்டை நீட்டினான். தன் வீட்டு எண்ணைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் மாடிக்கு இன்டர்காமில் பேசினான்: "மேடம், சேறு பூசிக்கிட்டு ஒரு ஆள் வந்திருக்கார். உங்க வீட்டுக்காரர்னு சொல்றார்."

"அனுப்பு. லிஃப்ட்டுல வேண்டாம், படியில வரச் சொல்லு" என்றாள் நீலா.

விழுந்தார், எழுந்தார், இடுப்பில் பெல்ட்டுக்கு இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார். கடைசி மாதம் ஒரு நாள் நிற்காமல் ஒன்றரை கிலோமீட்டர் நீந்திவிட்டு வெளியே வந்து, ஷிர்கேயைக் கட்டிக்கொண்டு அழுதார். ஷிர்கேயின் சட்டை நனைந்துபோயிற்று.

மௌரீஷியஸில் கடல் குளம் மாதிரி இல்லை. அதற்குப் பிடித்துக்கொள்ளக் கரையில் கம்பி இல்லை. பட்டாபிராமன் மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு நீந்தினார். கெடு முடிய ஏழு நிமிஷம் இருக்கையில், கடைசி ஆளாகக் கரையேறினார். மணலில் நின்ற நீலா அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே "ஏன்னா! சைக்கிள் அந்தப் பக்கம்!" என்று கத்தினாள்.

கரும்புக் காட்டுக்கு நடுவே கல்லும் சேறுமாகப் பாதை. ஏற்றத்தில் தள்ளினார், இறக்கத்திலும் பாதி தள்ளினார். இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பெண் கைகாட்டி நிறுத்தி, நேரம் முடிந்துவிட்டது என்று வருத்தத்தோடு சொல்லி, அவரையும் சைக்கிளையும் லாரியில் ஏற்றினாள். அதில் ஏற்கெனவே மூன்று பேர் சேறாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

லாரியிலிருந்து இறங்கியவரிடம் நீலா துண்டை நீட்டினாள். அவர் முகத்தைத் துடைக்கவில்லை. "ஓடவே விடலை, நீலா. பத்து கிலோமீட்டர் அப்படியே பாக்கி நிக்கறது."

"நாளைக்குக் காலம்பற போலாம். எனக்கும் இடத்தைப் பாக்கணும்."

மறுநாள் ஏழு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். அவருக்கு முட்டி மடங்கவில்லை. நீலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பந்தயத்தில் ஓடவேண்டியிருந்த மலைப்பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். மேலே ஏறியதும் கடல் இரண்டு பக்கமும் தெரிந்தது. பட்டாபிராமன் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "சத்தமே இல்லை பாரு" என்றார். நீலா தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கீழே வந்தபோது, பந்தயம் முடியும் இடத்தில் நிறுத்தியிருந்த வளைவைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.

"எதுன்னா கோடு?"

அவர் புல்லில் ஓரிடத்தைக் காட்டினார். நீலா முதலில் தாண்டினாள். அவர் ஒரு நிமிஷம் கழித்துத் தாண்டி, கைகளை உயரத் தூக்கினார். மணி பத்தாக ஐந்து நிமிஷம். பத்து மணிக்கு ஓட்டலில் காலை டிபன் மூடிவிடுவார்கள் என்று நீலாவுக்கு ஞாபகம் வந்தது. அங்கிருந்துதான் இருவரும் ஓடினார்கள்.