கடல் தண்ணீர் வைத்தியம்

என் கொழுந்தன் முத்துராஜுக்கு எல்லா நோய்க்கும் மருந்து கடல் தண்ணீர்தான். காலில் முள் குத்தினாலும் கடல் தண்ணீர், வலைக்கயிறு கையை அறுத்தாலும் கடல் தண்ணீர். அவன் உடம்பு, அவன் பாடு என்று விட்டிருந்தேன். எங்கள் நாய் சுறாவின் காதில் சீழ் வைத்தபோதும் அதே வைத்தியம்தான். தினம் தினம் அதை இழுத்துப்போய் அலையில் முக்கி எடுத்தான். ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. ஆற வேண்டிய காது நாற ஆரம்பித்தது.

அதோடு விட்டானா? குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுக் குடைந்தான். சுறா கையைக் கடித்துவிட்டது. கடிக்காமல் கொஞ்சுமா?

உடனே நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று லைட்ஹவுஸ் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டான். தன் கைக்கு மட்டும் கடல் தண்ணீர் போதவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காலைல படகுல ஏத்தி ஏரி மணல்திட்டுல வுட்டுர்றேன் அண்ணி. ஊரும் அதான் சொல்லுது.”

கடிக்கிற நாயை இங்கே அப்படித்தான் தொலைப்பார்கள். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருக்கும் அந்தத் திட்டில் குடிக்க நல்ல தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது.

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறு. அப்பவும் கடிச்சா நானே ஏத்தி வுடுறேன்” என்றேன்.

மறுநாள் சுறாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டில் மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை கிழியவில்லை, வெறிக்கான அறிகுறியும் இல்லை, ஈரம் தங்கித் தங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார். காது கழுவும் மருந்தும் சொட்டு மருந்தும் கொடுத்து, எப்படிப் போடுவது என்று செய்து காட்டினார். எண்ணெய், உப்புத் தண்ணீர், குச்சி எதுவும் காதுக்குள் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் முத்துராஜ் கயிற்றோடு வந்தான். வேடிக்கை பார்க்க நாலு பேர் வேறு. நான் வாசலில் உட்கார்ந்து சுறாவை மடியோடு அணைத்துக்கொண்டேன். மருந்து சில்லென்று இருக்கக் கூடாதென்று பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். காது மடலைத் தூக்கி மருந்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியை மெல்லப் பிசைந்துவிட்டேன். உள்ளே சளக் சளக்கென்றது. சுறா முனகியபடி என் மேல் சாய்ந்தது.

விட்டதும் தலையை உதறியது. உள்ளே கிடந்த அழுக்கெல்லாம் முத்துராஜின் சட்டையில் போய் அப்பிக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தேன். ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டுச் சொட்டு மருந்தை விட்டேன். சுறா கடிக்கவில்லை. என் முழங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

முத்துராஜ் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தடவிக்கொடுக்கக் கை நீட்டினான். அவன் படகு கரைக்கு வந்தால் முதலில் எதிரே ஓடுகிற நாய் அது. இப்போது எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அவன் முகம் தொங்கிவிட்டது. “அவ்ளோ வலிச்சிருக்கா அண்ணி? எனக்குத் தெரியலையே.”

“எப்படித் தெரியும்? அது இருக்கிற வாயால சொல்லிச்சு. நீ அதுக்குத்தான் வெறின்னு பேரு வெச்ச.”