பத்து மணி மறுஒளிபரப்பு

ஸ்லாவ்கா காலையிலிருந்து மூன்று முறை தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் போய் வந்துவிட்டாள். முதல் முறை கேபிள் ஒயரைப் பிடுங்கினாள். மனசு கேட்காமல் இரண்டாம் முறை போய்ச் சொருகினாள். மூன்றாம் முறை மறுபடியும் பிடுங்கி, நுனியை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மணி எட்டரை. பத்து மணிக்கு நேற்றைய பகுதியை மறுபடியும் போடுவார்கள். ஒன்பதுக்கெல்லாம் மிலேவாவும் ஸோர்காவும் வந்துவிடுவார்கள்.

மூன்று பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மூன்று பேரும் பென்ஷன்காரிகள். மூன்று பேர் வீட்டிலும் சண்டை போட ஆள் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது எட்டு மணி சீரியல். சாயங்காலம் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அதையே ஸ்லாவ்காவின் சமையலறையில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, காப்பியைக் குடித்துக்கொண்டே அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். மிலேவா முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பழக்கத்தில் பழைய வருகைப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து மதிப்பெண் போடுவாள். ஐந்து என்றால் பிரமாதம், ஒன்று என்றால் தோல்வி. முந்தின நாள் பார்க்காதவள் யாரோ அவள்தான் முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மிலேவா போட்ட சட்டம்.

நேற்று பார்க்காதவள் ஸோர்கா. நாள் முழுக்க ஸ்லாவ்கா வீட்டு முற்றத்து அடுப்பில் குளிர்காலத்துக்காகக் குடமிளகாய் சுட்டவள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாளாம். காலை ஏழு மணிக்குப் போனில் சொன்னாள். "கதையைச் சொல்லித் தொலைச்சுடாதே. நான் வந்து பார்த்துக்கறேன்" என்றும் சொன்னாள். அப்போதே ஸ்லாவ்கா விஷயத்தை உடைத்திருக்கலாம். வாயைத் திறந்தாள், "வரும்போது பெரிய தட்டு கொண்டா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விஷயம் இதுதான். ஸ்லாவ்காவின் மகள் யோவானா பெல்கிரேடில் அந்தச் சீரியலுக்கு எழுதுகிறாள். கோடையில்தான் சேர்த்துக்கொண்டார்கள், அதுவும் தற்காலிகமாக. தெருவுக்கே தெரியும், ஸ்லாவ்கா சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆகஸ்டில் ஒருநாள் யோவானா போனில் அழுதாள். தான் எழுதுவதையெல்லாம் தலைமை எழுத்தாளர் குப்பையில் போடுகிறார், இந்த மாதம் தாண்டுவதே சந்தேகம் என்றாள். பிள்ளை அழுதால் தாய்க்கு மூளை வேலை செய்யாது. "அழாதேடி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்து, ஸ்லாவ்கா சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டாள். பெயரை மட்டும் மாற்றிவிடு என்றாள். அதைவிட வெட்கக்கேடு, சொல்லும்போது அவளுக்கு ஒரு குஷி இருந்தது. மறுமுனையில் மகள் அழுகையை நிறுத்தி, "அய்யோ அம்மா, அப்புறம்?" என்று கேட்கக் கேட்க, நிறுத்தி நிதானமாகச் சுவையூட்டிச் சொன்னாள்.

அது ஸோர்காவின் கதை. ஸோர்காவின் புருஷன் போரா வியன்னாவுக்கு வேலைக்குப் போனவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு அவனோடு போனில் பேசுவாள் ஸோர்கா. திங்கட்கிழமை நூல் ஆலையிலும் தெருவிலும் எல்லாருக்கும் சொல்லுவாள்: போரா இப்படிச் சொன்னார், போரா அப்படிச் சொன்னார் என்று. அங்கேயே செத்தும் போனான். அவன் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். ஊரில் புருஷன் என்றால் போரா என்று பேர். மாமியார் செத்த நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஸோர்கா ஸ்லாவ்காவிடம் உண்மையைச் சொன்னாள். போன முதல் வருஷத்திலேயே போரா வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். மாமியார்க்காரி நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவாளே என்று, பத்து வருஷம் ஞாயிறு தவறாமல், யாருமில்லாத ரிசீவரில் ஸோர்கா தானே பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டது உலகத்திலேயே ஸ்லாவ்கா ஒருத்திதான்.

நேற்று எட்டு மணிக்கு அதைச் செர்பியாவே பார்த்துவிட்டது.

ஸோர்கா தட்டோடு முதலில் வந்தாள். கையெல்லாம் அடுப்புப் புகை வாசனை. ஸ்லாவ்கா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"ஸோர்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். அதுக்கு எதுக்கு வாசல்ல நிக்க வைக்கறே? முதுகு விட்டுப்போச்சு எனக்கு."

"இல்ல, உள்ளே வந்தா..."

"உள்ளே வந்தா என்ன, பாம்பு கிடக்கா?" பின்னாலிருந்து மிலேவாவின் குரல் வந்தது. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "நகருங்கடி. இருவது கிலோ மிளகாய் கிடக்கு. ஸ்லாவ்கா, டிவியைப் போடு. நேத்து உன் பொண்ணு எழுதினதுக்கு நான் மதிப்பெண் போட்டே ஆகணும், ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு."

"டிவி ரிப்பேர்" என்றாள் ஸ்லாவ்கா.

"நேத்து நல்லாதானே இருந்துச்சு?"

"காலையிலேர்ந்து புள்ளிபுள்ளியா வருது. இன்னிக்கு விட்டுடலாம். மிளகாயை உரிச்சுட்டுச் சந்தைப்பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாமே?"

மிலேவா பெட்டியின் பின்னால் போனாள், ஒரு நிமிஷம் முனகினாள், அலமாரிக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்துச் சொருகினாள். படம் பளிச்சென்று வந்தது. "இதுக்கா ரிப்பேர்னே? உன் கையில ஒரு வீட்டைக் குடுத்தா விளங்கும்."

அடுப்பில் வைத்த காப்பி பொங்கி வழிந்தது. அதைத் துடைக்கும்போது ஸ்லாவ்கா கையைச் சுட்டுக்கொண்டாள். சுட்டதே நல்லது என்று இருந்தது அவளுக்கு. முகம் கோணியதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மேஜை நடுவில் மிளகாய்க் குவியல். சுட்ட தோல் கருகிச் சுருங்கி இருந்தது. மூவரும் உரிக்க ஆரம்பித்தார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்லாவ்கா நைசாக ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்கு மாற்றினாள். "அதுல பாரு, துருக்கிக்காரன் சீரியல் ஒண்ணு, ரொம்ப நல்லா இருக்காம்."

"உன் மக எழுதினதைப் பார்க்க உனக்கே கசக்குதாடி?" என்றாள் மிலேவா. "வைடி கீழே."

ரிமோட் ஸ்லாவ்காவின் கையிலிருந்து நழுவி மிளகாய்ச்சாறு நிறைந்த பாத்திரத்தில் விழுந்தது. உண்மையாகவே நழுவியதா என்று அவளுக்கே தெரியாது. ஸோர்கா இரண்டு விரலால் அதைத் தூக்கினாள். எல்லார் வீட்டிலும் போல அதையும் நைலான் உறையில் போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தாள் ஸ்லாவ்கா. ஸோர்கா உறையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். சீரியலின் பாட்டு ஆரம்பித்தது.

"இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் ஸோர்கா. "உக்காரு. எழுந்து எழுந்து நிக்கறே."

ஸ்லாவ்கா உட்கார்ந்தாள். எதிரே ஸோர்கா, அவளுக்குப் பின்னால் பெட்டி. ஸோர்கா உடம்பை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள், கை மட்டும் மிளகாயில் இருந்தது. முதல் இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. நிலத்தகராறு, ஒரு கல்யாணப் பேச்சு. ஒரு விளம்பரம் வந்தபோது ஸ்லாவ்கா எழுந்து, "தலை சுத்துது, யாராவது என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிப் பார்த்தாள். மிலேவா ஒரு சர்க்கரைக் கட்டியை அவள் வாயில் திணித்து மறுபடி உட்கார வைத்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கதையில் அவள் பெயர் கோசரா, ஊர் வேறு, வியன்னாவுக்குப் பதில் ம்யூனிக். சுவரில் கடிகாரம், மூன்று மணி. கோசரா ரிசீவரை எடுத்தாள். கேமரா மெதுவாகக் கீழே இறங்கி, எங்கும் சொருகாமல் தரையில் கிடந்த ஒயரைக் காட்டியது. கோசரா கண்ணீர் வழிய, "என் உயிரே, நீ இல்லாம நான் எப்படி இருப்பேன், சீக்கிரம் வந்துடு" என்று மூச்சு விடாமல் பேசினாள். கதவு திறந்தது. மாமியார் ஒயரைப் பார்த்தாள், "பொய்க்காரி!" என்று அலறினாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இசை கூரையைப் பிய்த்தது.

ஸோர்காவின் கை நின்றுவிட்டது. ஸ்லாவ்கா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"பார்த்தியா?" என்றாள் மிலேவா, சட்டத்தை மறந்து. "எந்த ஊர்லயாவது இப்படி ஒரு முட்டாள் இருப்பாளா? பத்து வருஷமாம்! சும்மா போன்ல பேசினாளாம்! ஒருத்திக்கும் சந்தேகம் வரலையாம்! அவ கூட வேலை பார்த்தவங்கெல்லாம் என்ன, கழுதைங்களா? கோவிச்சுக்காதே ஸ்லாவ்கா, பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நான் ஒண்ணுதான் போடுவேன்."

"போதும் மிலேவா" என்றாள் ஸ்லாவ்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன போதும்? நீயே சொல்லேன், இது நடக்கற காரியமா?"

நடக்காது என்றால் ஸோர்காவை மறுபடியும் காட்டிக்கொடுப்பது. நடக்கும் என்றால் இங்கேயே, மிலேவாவின் முன்னால், போட்டு உடைப்பது. ஸ்லாவ்கா ஒரு மிளகாயை எடுத்தாள், உரித்ததையே மறுபடி உரித்தாள்.

"முதல்ல பேச வேண்டியவ நான்" என்றாள் ஸோர்கா.

"சட்டம் சட்டம்தான். சொல்லு." மிலேவா பேனாவை எடுத்தாள்.

ஸோர்கா திரும்பி மேஜையைப் பார்த்து உட்கார்ந்தாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நடிகை நல்லாப் பண்ணா. எழுதினதுதான் தப்பு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நீ சொல்ற தப்பு இல்ல. அவ 'என் உயிரே'ன்னு சொல்ல மாட்டா. பக்கத்து ரூம்ல மாமியா இருக்கறப்போ எவ சொல்லுவா? விறகு வந்துடுச்சு, கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் நின்னுடுச்சு, பல்வலிக்கு அம்மா கிராம்பு வச்சாங்க, இதைத்தான் சொல்லுவா. அப்புறம், இந்தப் பொண்ணு நிறுத்தாமப் பேசறா. அப்படிப் பேசினா முதல் நாளே மாட்டிக்குவா. அவன் பதில் சொல்ற நேரத்துக்குச் சும்மா இருக்கணும். 'ம்' போடணும். அவன் ஏதோ தமாஷ் சொன்ன மாதிரி சிரிக்கணும். பேசறது சுலபம். அந்தச் சும்மா இருக்கறதுதான் கஷ்டம்."

மிலேவாவின் பேனா பதிவேட்டில் தொட்ட இடத்திலேயே நின்றது.

"மாமியா கத்தவும் மாட்டா" என்றாள் ஸோர்கா. "அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் எலி ஒயரைக் கடிச்சுப் போட்டுது. பெருக்கும்போது அவ பார்த்துட்டா. எனக்குத் தெரியாது, ஞாயித்துக்கிழமை தவிர அதை யாரு தொட்டா? ரெண்டு மாசம் செத்த போன்ல பேசியிருக்கேன். அவ ஒரு வார்த்தை கேக்கல. மூணு மணியானா தலைத்துணியை மாத்திக் கட்டிட்டு வந்து பக்கத்து ரூம்ல உக்காருவா. நான் வச்சதும், 'என்ன சொன்னான்?'னு கேப்பா. கடைசிவரைக்கும் கேட்டா. சாகறதுக்கு முன்னாடிதான் எலியைப் பத்திச் சொன்னா."

பெட்டியில் யாரோ ஒரு வில்லன் காரில் ஏறிக்கொண்டிருந்தான். மிலேவா எழுந்து அதை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவுக்கு மூடி போட்டாள். அந்தப் பத்து வருஷமும் திங்கட்கிழமை தோறும் போரா என்ன சொன்னான் என்று கேட்டுத் தலையாட்டியவள் அவள்.

"நான் முட்டாள்னு சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"விடு" என்றாள் ஸோர்கா. "சீரியலைப் பத்தித்தானே சொன்னே." பிறகு ஸ்லாவ்காவின் பக்கம் திரும்பினாள். "எலி விஷயத்தை உங்கிட்டயும் சொல்லல. இப்பச் சொல்லியாச்சு. உன் பொண்ணுக்கு வேணும்னா குடு."

"ஸோர்கா..."

"கோவம் இல்ல. பிள்ளைக்கு வேலை போயிடும்னு பயந்திருப்பே. எனக்குப் பிள்ளை இல்ல, இருந்தா நானும் பண்ணியிருப்பேனோ என்னவோ." அவள் ஒரு மிளகாயின் காம்பைப் பிடித்து இழுத்தாள், விதையோடு வந்தது. "அன்னிக்குத் தட்டுக் கழுவிக்கிட்டே உங்கிட்டச் சொன்னேன் பாரு. பத்து வருஷம் பேசினதுல அன்னிக்குத்தான் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சேன்."

சொல்ல வேண்டியதெல்லாம் ஸ்லாவ்காவின் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது: நான் பாவி, என்னை அடி, என் மூஞ்சியில் துப்பு, இந்த வீட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதே. ஒன்றும் வெளியே வரவில்லை. கன்னத்தில் மிளகாய்ச்சாறும் கண்ணீரும் கலந்து வழிந்தன.

ஸோர்கா அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு, "ம்" என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மிளகாயை எடுத்தாள்.