காது வைத்த மஞ்சள் உறை

பார்சலைப் பிரித்ததும் டிரைவரம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது, ஆனால் வந்த கோபம் போகிற வழியாக இல்லை.

உள்ளே இருந்தது ஓர் உறை. அவளுடைய மின்நூல் கருவிக்காக மகன் வாங்கி அனுப்பியது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம், மெத்தை போலத் தடித்த ரப்பர், தூக்கிக்கொண்டு நடக்க மேலே ஒரு கைப்பிடி. போதாக்குறைக்கு இரண்டு மூலையிலும் இரண்டு காதுகள். கரடிக் காதா எலிக் காதா என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. பெட்டியின் மேலே படத்தில் ஒரு கைக்குழந்தை அந்தக் காதுகளில் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

"டேய், கவர் வந்துச்சு. பால் பாட்டில் தனியா வருமா, இல்ல நானே வாங்கிக்கணுமா?"

"அம்மா, கிண்டல் பண்ணாத. மாடியிலேருந்து தூக்கிப் போட்டாலும் உடையாதாம். பத்துக் கவர ஒப்பிட்டுப் பாத்துத்தான் எடுத்தேன்."

பார்த்திருப்பான், சந்தேகமே வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் அவனுக்கு நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து சேதம் எவ்வளவு என்று எழுதுகிற வேலை. நாள் முழுக்க நசுங்கினதையே பார்க்கிறவன் கண்ணுக்கு, நன்றாக ஓடுகிற வண்டி கூட நசுங்கப்போகிற வண்டியாகத்தான் தெரியும்.

"விளையாட்டு இருக்கட்டும்மா. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அது இன்னொரு தடவ கீழ விழுந்துச்சுன்னா, நீ பேசாம இங்க வந்துடற. ஞாயித்துக்கெழம வரேன், பேசிக்கலாம்."

ஞாபகம் இல்லாமலா? அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அது அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். தெருவில் பாதிப்பேருக்கு அவள் இன்னமும் டிரைவரம்மாதான். ஓட்டிய காலத்தில், வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக் கொலைக் கதைகளாகப் படித்துத் தள்ளுவாள். நேரமாயிற்று என்று கண்டக்டர் விசில் அடித்தால், "இருய்யா, கத்திய எடுத்துட்டான்" என்பாள். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துச் சமையலறையில் விழுந்தாள். உயிர் பிழைத்தாள், நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது என்று மகள் சொல்வாள். வலது கை மட்டும் சோம்பேறியாகிவிட்டது. எதையாவது அழுத்திப் பிடிக்கும், ஆனால் எட்டி எடுக்காது. ஒற்றைக் கையால் புத்தகத்தை விரித்துப் பிடித்தால் அது தானே மூடிக்கொண்டது. அதனால்தான் வெளியூரில் இருக்கும் மகள் இந்தக் கருவியை வாங்கி அனுப்பினாள். டிரைவரம்மா அதற்கு வைத்த பெயர் சிலேட்டு.

போன மாதம், மகன் வந்திருந்த நேரம் பார்த்து, சிலேட்டு இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. சட்டத்தின் மூலையில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் மகனுடைய முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு இது. நாளைக்குக் கொதிக்கிற தண்ணியா இருந்தா?" என்றான். அப்போது வைத்த நிபந்தனைதான் இது. இன்னொரு தடவை விழுந்தால் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இந்த வீடு என்றால் என்ன பெரிய அரண்மனையா? ஒரு படுக்கையறை, திரும்பினால் முட்டும் சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஆனால் அவள் சம்பளத்தில் வாங்கியது. சாவி அவள் இடுப்பில். மகன் வீட்டில் அவளுக்கென்று அறை தயாராக இருந்தது. சுவரெல்லாம் கைப்பிடி, தலைமாட்டில் அழைப்பு மணி. மருமகள் தங்கமானவள். ஆப்பிளைக் கூடச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, குச்சி குத்திக் கொடுப்பாள். அதுதான் பயமே! கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். நல்லவர்களிடம் மாட்டினால் வெளியே வர வழி ஏது?

சரி, வாங்கி அனுப்பிவிட்டானே என்று அந்த மஞ்சளைப் போட்டுப் பார்த்தாள். பக்கம் திருப்ப வேண்டும் என்றால் திரையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தொட வேண்டும். நாலு பக்கமும் மதில் எழுப்பினாற்போல் ரப்பர் நின்றது. விரல் எட்டவே இல்லை. கைப்பிடியில் பிடித்தால் சாப்பாட்டுக் கேரியர் போல ஆடியது. மேசையில் வைத்துக் குனிந்தால் கழுத்து பிடித்துக்கொண்டது.

உடையாது, வாஸ்தவம். படிக்கவும் முடியாது.

மகளிடம் போனில் புலம்பினாள். மகள், "அண்ணன் பயப்படறான்மா, விடு. கழுத்துல மாட்டிக்கற மாதிரி ஒண்ணு இருக்கு, வாரோட. அத வாங்கி அனுப்பட்டுமா?" என்றாள்.

"ஏன், மாட்டுக்கு மணி கட்டற மாதிரியா? போன வைடி."

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் சிலேட்டைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். விழுந்து எழுந்த பிறகு அவள் தனியாகப் படியிறங்குவது அதுதான் முதல் தடவை. கால் நடுங்கியது. "நடுங்கறதுன்னா நடுங்கிக்கோ, எறங்கறத நிறுத்தாத" என்று காலுக்கே உத்தரவு போட்டாள். பேருந்தில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். ஓட்டியவன் சின்னப் பையன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரையும் ஆட்டி எடுத்தான். அவள் கால் வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

போன் சாமான் விற்கும் கடை அது. ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய அகலம். கூரையிலிருந்து தரை வரை உறைகள் தொங்கின. கல்லாவில் காதில் பென்சில் செருகிய கடைக்காரர்.

"ரீடருக்குக் கவரா? பேரப்பிள்ளைக்காம்மா?"

"பேரப்பிள்ளைக்கு அவங்கப்பன் வாங்குவான். எனக்கு எடுங்க."

"உங்களுக்கா? அப்ப இந்த லேடீஸ் மாடல் பாருங்க, ஊதாப் பூப் போட்டது."

"எண்ணெ பட்டாலும் தெரியாத கலரா எடுங்க."

புத்தக அட்டை போலத் திறக்கிற உறை வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கை பிடிக்க, ஒரு கை திறக்க. அவளிடம் இருப்பதோ ஒன்றேகால் கை. கண்ணாடி போன்ற உறை வழுக்கியது. பின்னால் கால் முளைத்து மேசைமேல் நிற்கும் உறை பரவாயில்லை, ஆனால் படுத்துக்கொண்டு கொலைக் கதை படிக்க அது ஒத்துழைக்க வேண்டுமே. கடைக்காரர் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார்.

கறுப்புக் கெட்டித் துணி. முதுகில் அகலமான எலாஸ்டிக் பட்டை. நாலு விரலையும் பட்டைக்குள் நுழைத்தால் கட்டைவிரல் முன்பக்கம் சும்மா இருந்தது. இடது கைக்கும் சரி, வலது கைக்கும் சரி.

"இது போணியே ஆகலம்மா. யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன்ல?"

கடைக்காரர் சிலேட்டை அதில் மாட்டிக் கொடுக்க, விரல்களை நுழைத்தாள். கட்டைவிரலால் தொட்டாள். பக்கம் திரும்பியது. மறுபடி தொட்டாள், மறுபடி திரும்பியது. அடேயப்பா, எத்தனை நாளாயிற்று! அந்தச் சந்தோஷத்தில் கையை வெளியே எடுத்தவள் சரியாகப் பிடிக்க மறந்தாள். சிலேட்டு கீழே விழுந்தது.

சத்தம் கேட்டதும் அவள் மனசில் வந்தது மகனுடைய குரல்தான். விழுந்துச்சுன்னா வந்துடற. வீடு போயிற்று என்று ஒரு கணம் நின்றுவிட்டாள்.

கடைக்காரர் பதறிக்கொண்டு கல்லாவைத் தாண்டி வந்தார். "இருங்கம்மா, நான் எடுக்கறேன்."

"தொடாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்ன பிறகு பின்வாங்கவா முடியும்? வலது கை பிடிக்கும், அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஸ்டூலின் காலில் அதைப் பிடிக்க வைத்தாள். ஒரு முழங்காலை ஊன்றினாள். இடுப்பு வேண்டாம் வேண்டாம் என்றது. வாசலில் சார்ஜர் வாங்க வந்தவன் காத்திருந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி காத்திருந்தான். காத்திருக்கட்டும், அவன் என்ன விமானத்தையா பிடிக்கப்போகிறான்! இடது கை தரையைத் தடவிச் சிலேட்டை எடுத்தது. எழுந்து நின்றபோது அவளுக்கு மூச்சு இரைத்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது.

திரையில் அதே பக்கம். ஓர் எழுத்து கூடக் குறையவில்லை.

விழுந்தது. எடுத்தாயிற்று. இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இதையே போட்டுக் குடுங்க. பை வேணாம், கையிலயே எடுத்துட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கையில் ஒரு பெரிய காலி அட்டைப்பெட்டி.

"பெட்டி எதுக்கு?"

"சும்மா. துணி ரெண்டு எடுத்து வச்சுட்டா, எப்ப வேணா…" என்று இழுத்தவன் மேசையைப் பார்த்தான். மஞ்சள் உறை காது இரண்டையும் தூக்கிக்கொண்டு அங்கே காலியாகக் கிடந்தது. சிலேட்டு கறுப்பு உடுப்பில் அவள் இடது கையில் இருந்தது. "அந்தக் கவரப் போடலயா? இது என்ன? யார் வாங்கினது?"

"நான்தான். கடைக்குப் போயி."

"தனியாவா? பஸ்லயா?" அவன் குரல் உடைந்தது. "உனக்கு என்ன ஆச்சும்மா? வழியில விழுந்திருந்தா? இத்தன மெல்லிசா இருக்கு, இது எதத் தாங்கும்? அதுல கைப்பிடி இருந்துச்சு, மெத்த இருந்துச்சு…"

"படிக்க முடியலடா அதுல."

"படிக்கறதா இப்ப முக்கியம்? உடையாம இருக்கணும்ல?"

"உடையாம இருக்கணும்னா பொட்டியிலயே வச்சிருக்கலாமே. எதுக்கு வாங்கணும்?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு நான் கதவ உடைச்சுட்டு வந்தப்ப நீ சமையக்கட்டுல கெடந்த. கண்ணு தொறந்திருக்கு, பேச்சு இல்ல. கண்ண மூடினா அதுதாம்மா வருது. எனக்குப் பயமா இருக்கு."

சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். அவன் தலையைத் தடவி, சரிடா வரேன் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிடமே அவன் முகம் தெளிந்துவிடும். சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தாள்.

சொல்லவில்லை. எழுந்து நின்றாள். பட்டையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக உருவினாள். கையை நீட்டி, சிலேட்டைத் தரைக்கு மேலே பிடித்தாள்.

"அம்மா, என்ன பண்ற?"

விட்டாள்.

டைல்ஸ் தரையில் அது மூலையில் மோதிக் குப்புற விழுந்தது. மகன் பாய்ந்தான்.

"அங்கயே நில்லு!"

பஸ் படிக்கட்டில் தொங்கியவர்களையெல்லாம் ஒரே அதட்டில் உள்ளே தள்ளிய குரல் அது. பாதிக் குனிந்தவன் அப்படியே நின்றான்.

அவள் வலது கையை மேசைக்காலில் பிடிக்க வைத்தாள். முழங்காலை ஊன்றினாள். வலித்தது, வலி முகத்திலும் தெரிந்தது, அவள் மறைக்கவில்லை. இரண்டு தடவை மகனுடைய கை தானாக நீண்டது, இரண்டு தடவையும் அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போனது. நேரம் ஆயிற்று. ஆகட்டுமே. இடது கை சிலேட்டைப் பிடித்தது. மேசையைப் பற்றி இம்மி இம்மியாக எழுந்து, அவன் எதிரே நின்று, திரையைத் திருப்பிக் காட்டினாள். சட்டத்தின் விரிசல் ஒரு நகக்கண் அளவு வளர்ந்திருந்தது. எழுத்தெல்லாம் தெரிந்தது.

"விழாதுன்னு நான் சொல்லல," என்றாள் மூச்சு வாங்க. "விழும். நானும் விழுவேன். எடுத்தேனா இல்லையா?"

அவன் விரிசலையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"கேக்கறேன்ல? எடுத்தேனா?"

"எடுத்தம்மா."

"எந்திரிச்சேனா?"

"எந்திரிச்ச."

"அவ்வளவுதான். தெனம் காலையில போன் போடறேன். போடலைன்னா வந்து கதவ உட. மத்தபடி சாவி என் இடுப்புலதான் இருக்கும்." சிலேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கே கிடந்த மஞ்சள் உறையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இத நீ எடுத்துட்டுப் போ கண்ணு. மெத்த உனக்குத்தான் வேணும்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புறப்படும்போது அந்த உறையைக் காலி அட்டைப்பெட்டியின் வாயில் செருகித் தூக்கிக்கொண்டான். ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். தெருவில் அவன் நடக்க நடக்க, பெட்டிக்கு வெளியே இரண்டு காதுகளும் ஆடிக்கொண்டே போயின.